பக்கத்து ஷாப்புத் தண்ணி

ஆம்பூர்ப் பக்கம் டேனரியைத் ‘தோல் ஷாப்’ என்போம். அந்த ஷாப்புகளுக்கு வெப்சைட் செய்து கொடுத்தே எனக்கு 20 வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. செய்த நேரத்தைவிட, ஹோஸ்டிங்கை மாற்றுங்கள் என்று கெஞ்சிய நேரம்தான் அதிகம்.

அன்றைய அரசு நிறுவனமான விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது 1995 ஆகஸ்ட் 15 அன்று. முதல் சுற்றிலேயே சென்னை இருந்தது. எங்கள் ஊருக்கு வந்துசேரச் சில வருஷம் பிடித்தது. அதுவரை ஜெர்மனி, இத்தாலி வியாபாரமெல்லாம் ஃபேக்ஸில்தான். எழுத்து வெளுத்துவிடும் என்று வந்தவுடன் ஜெராக்ஸ் எடுத்து வைக்கும் கணக்குப்பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

ஜியோசிட்டீஸ் இலவசமாக இடம் கொடுத்த காலத்தில் ஹோஸ்டிங்குக்குக் காசா என்று சிரித்தார்கள். 2009 அக்டோபரில் அது மூடப்பட்டபோது ஒரு ஷூ கம்பெனியின் பழைய பக்கம் படங்களோடு போய்விட்டது. நகல் யாரிடமும் இல்லை. என்னிடமும்தான்.

பிறகு மலிவு ஷேர்டு ஹோஸ்டிங். ஒரே இயந்திரத்தில் நூற்றுக்கணக்கான தளங்கள், எல்லாவற்றுக்கும் ஒரே ஐ.பி. முகவரி. வேகம், பேக்கப் என்று நான் பேசியதெல்லாம் எடுபடவில்லை. எனக்கு வேலை கொடுத்த ஒரு பாய், தோலில் விரலை வைத்ததும் எந்த செலக்‌ஷன், அதாவது எந்தத் தரம் என்று சொல்லிவிடுவார். ஹோஸ்டிங்கில் விரல் வைக்க என்ன இருக்கிறது?

“வருஷம் 1,500 ரூபாய்ல ஓடுறதை 9,000க்கு ஏன் தம்பி மாத்தணும்?”

பதில் இத்தாலியிலிருந்து வந்தது. அவர் அனுப்பிய விலைப்பட்டியல் வாங்குபவரின் ஸ்பாம் பெட்டியில் கிடந்து, ஆர்டர் கைநழுவியது. அதே ஐ.பி. முகவரியிலிருந்து வேறு யாரோ குப்பை மெயில் அனுப்பியிருக்கிறார்கள்; முகவரியே ஸ்பாம்ஹாஸ் கறுப்புப் பட்டியலில் ஏறிவிட்டது. இதை எப்படிப் புரியவைப்பது என்று யோசித்தபோது பாலாறு கைகொடுத்தது.

ஷாப்புக் கழிவுநீர் பாலாற்றைக் கெடுப்பதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நலப் பேரவை தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது எங்கள் ஊரில் யாருக்கும் மறக்காது. ஷாப் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம். கழிவுநீரைச் சுத்திகரிக்க ஏற்பாடு இல்லையென்றால் பூட்டு. தனியாக நிலையம் கட்ட வசதியில்லாதவர்கள் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேர்ந்தார்கள். அங்கே ஒருத்தர் தோல் பதனிடும் குரோமைப் பிரித்தெடுக்காமல் தண்ணீரைத் திறந்துவிட்டால் எல்லோருடைய கசடும் கெடும்.

“அதேதான் பாய். உங்க மெயிலும் பக்கத்து ஷாப்புத் தண்ணியும் ஒரே குழாயில போகுது.”

“யார் அந்த ஷாப்?”

“தெரியாது. எங்கயோ லாட்டரி மெயில் அனுப்புறவன்.”

கொஞ்ச நேரம் டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். “என் தண்ணி தனியாப் போக எவ்வளவு ஆகும்?”

உவமை ஜெயித்தது என்று நான் பீற்றிக்கொள்ள முடியாது. போன ஆர்டர்தான் ஜெயித்தது. இந்தத் தொழிலில் எப்போதும் அப்படித்தான். 1989-இல் ஜெர்மனி பி.சி.பி. என்ற பூஞ்சைக்கொல்லியைத் தடை செய்த பிறகுதான், அது இல்லாமலும் தோலைக் காப்பாற்றலாம் என்று இங்கே உறைத்தது. 2018 ஜூலையில் குரோம் பிரவுசர் ‘பாதுகாப்பற்றது’ என்று ஹெச்டிடிபிஎஸ் சான்றிதழ் இல்லாத தளங்களுக்கு முத்திரை குத்தியபோதும், அதுவரை போனை எடுக்காதவர்கள் தாங்களே கூப்பிட்டார்கள். லெட்ஸ் என்க்ரிப்ட் இலவசச் சான்றிதழ் கொடுக்க ஆரம்பித்து இரண்டு வருஷத்துக்கு மேலாகியும், சில மலிவு ஹோஸ்டிங்கில் அதைப் போடவே அப்போது வழியில்லாமல் இருந்தது.

நானும் ஒரு தப்பு செய்தேன். 2016-இல் அமேசான் மும்பையில் சர்வர்களைத் திறந்ததும், உற்சாகத்தில் ஒரு ஷாப்பின் தளத்தை அங்கே மாற்றினேன். ஆம்பூரில் பக்கம் பறந்தது. பார்க்க வேண்டியவர்களோ ஜெர்மனியில். மறுபடி ஐரோப்பாவுக்கே தூக்கினேன், என் செலவில்.

அந்த பாய் இப்போதும் வெளிநாட்டுக்கு விலை அனுப்பியதும் எனக்குப் போன் போடுவார். “அனுப்பிட்டேன் தம்பி. சுத்தமாப் போச்சான்னு பாரு.”