சூரை வரும் வழி

தெற்கு ஸ்பெயினில் பொலோனியா கடற்கரைக்குப் பெரும்பாலும் மணலுக்காகத்தான் வருகிறார்கள். 30 மீட்டருக்கு மேல் எழும்பி நிற்கும் மணற்குன்று, எதிரே மொராக்கோ மலைகள். அந்தச் சிறு விடுமுறையில் நானும் மனைவியும் குளித்ததைவிட, மணலை ஒட்டிக் கிடக்கும் கல் தொட்டிகளின் பக்கத்தில் நின்றதுதான் அதிகம்.

ரோமானியர் காலத்து ஊர் அது. பெயர் பைலோ கிளவுதியா. கி.மு. 2ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றி, பேரரசர் கிளாடியஸ் காலத்தில் நகரத் தகுதி பெற்றது. கோயில்கள் உண்டு, நாடக அரங்கு உண்டு. ஆனால் ஊரின் பிழைப்பு இந்தத் தொட்டிகளில்தான் நடந்தது. சதுரமாகவும் வட்டமாகவும் தரைக்குள் இறக்கிக் கட்டி, உள்ளே காரை பூசியிருக்கிறார்கள். சூரை மீனைத் துண்டுபோட்டு உப்போடு இவற்றில் அடுக்கினார்கள். குடலையும் இரத்தத்தையும் பொடிமீனையும் உப்பிட்டு, வெயிலில் நொதிக்கவிட்டு வடித்த சாறுக்குக் காரூம் என்று பெயர். ரோமாபுரிச் சமையலுக்கு அது உயிர். தொட்டிகளுக்கும் கோயில்களுக்கும் கூப்பிடு தூரம்தான். சாமி கும்பிடப் போனவர்களையும் அந்த வாடை விட்டிருக்காது.

ஏன் இந்த இடம்? ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலத்துடுப்புச் சூரை முட்டையிடுவதற்காக அட்லாண்டிக்கிலிருந்து மத்தியதரைக் கடலுக்குள் போகிறது. 200 கிலோவைத் தாண்டும் மீன்கள் சாதாரணம். குறுகலான இடத்தில் வெறும் 14 கிலோமீட்டரே அகலமுள்ள ஜிப்ரால்டர் நீரிணையை விட்டால் அவற்றுக்கு வேறு வழியில்லை. ரோமானியருக்கு முன்பே பினீசியர் இதைக் கண்டுகொண்டார்கள். அவர்கள் நிறுவிய காதிஸ் நகரத்தின் பழங்காசுகளில் சூரை மீன்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அந்த ஊரின் கஜானா எதனால் நிரம்பியது என்று வேறு யாரிடமும் கேட்க வேண்டாம்.

இந்த மீன்பிடிக்கு அல்மத்ராபா என்று பெயர். முற்காலத்தில் கரையோரக் கோபுரத்தில் ஒருவர் நின்று, மீன் கூட்டம் கடலைக் கருக்குவதைப் பார்த்துக் கையசைப்பார். படகுகள் வலையோடு வளைத்துக்கொள்ள, கரையில் நிற்பவர்கள் இழுப்பார்கள். பின்னாளில் நிலைவலை வந்தது. கரையிலிருந்து கடலுக்குள் நீளும் வலைச்சுவர் மீனை மறிக்கும். ஆழத்தை நாடித் திரும்பும் மீன், அறை அறையாகக் கட்டிய வலைக்குள் நுழைந்துவிடும். கடைசி அறைக்கு அடியிலும் வலை உண்டு. சுற்றிலும் படகுகளை நிறுத்தி, அந்த அடிவலையைத் தூக்கும் நாள்தான் லெவந்தா. அர்ராயெஸ் என்னும் தலைவரின் குரலுக்கு அத்தனை பேரும் ஒன்றாக இழுக்க வேண்டும்.

இழுத்த கை ஒன்று, ஆதாயம் போன பை வேறொன்று. 1294 முற்றுகையில் தரீஃபா கோட்டையை விட்டுக்கொடுக்காமல் காத்த குஸ்மானின் குடும்பத்துக்கு, அந்த நூற்றாண்டு முடிவதற்குள் இந்தக் கரையின் சூரை உரிமை அரச கொடையாகக் கிடைத்தது. அவர்களின் வழிவந்த மெதினா சிதோனியா பிரபுக்கள் ஏறத்தாழ 500 ஆண்டுகள் அதை வைத்துக்கொண்டார்கள். சாரா கடற்கரையில் அவர்கள் எழுப்பிய கோட்டை மாளிகைக்குள்ளேயே மீன் உப்பிடும் இடமும் இருந்தது. வேலைக்கு வந்தவர்களோ ஊர் ஊராகச் சுற்றிய ஏழைகளும் ஓடிப்போனவர்களும். ஸ்பானிய எழுத்தாளர் செர்வாந்தெஸ் 1613இல் வெளியிட்ட கதைத் தொகுப்பில், வசதியான வீட்டுப் பையன் ஒருவன் வீட்டைவிட்டு ஓடி இந்தச் சாராவுக்கு வந்து சேர்கிறான். ஸ்பெயினில் படுத்து உறங்குபவர்கள் வட ஆப்பிரிக்காவில் கண்விழிக்கும் ஆபத்தையும் அந்தக் கதை சொல்கிறது. கடற்கொள்ளையர் இரவில் வந்து ஆட்களைப் பிடித்துக்கொண்டு போவார்கள். அல்ஜியர்ஸில் 5 ஆண்டு சிறைப்பட்டிருந்த எழுத்தாளர் அதைக் கற்பனை செய்ய வேண்டியிருக்கவில்லை.

பிரபுக்களின் உரிமை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போயிற்று. 1928இல் அரசு ஆதரவோடு வந்த தேசிய அல்மத்ராபா கூட்டமைப்பு வலைகளையும் தகர டப்பா ஆலைகளையும் ஒரே கைக்குள் கொண்டுவந்தது. அதன் தொழிலாளர்கள் பருவகாலத்தில் குடும்பத்தோடு தங்கிய சாங்க்தி பெத்ரியில் இப்போது கூரையில்லாத வீடுகளே எஞ்சியிருக்கின்றன. ரோமானியத் தொட்டிகளைப் பாதுகாக்கும் அக்கறை இந்த வீடுகளுக்கும் வேண்டும் என்று நினைக்கிறேன். 50 ஆண்டுக்கு முன்புவரை பிள்ளைகள் ஓடியாடிய தெருக்கள் அவை. நினைவு வைத்திருப்பவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.

இன்று கோனில், பார்பாத்தே, சாரா, தரீஃபா ஆகிய 4 இடங்களில் வலை விரிகிறது. கொக்கிக் கோலால் குத்தி ஏற்றிய காலம் போய், முக்குளிப்பவர்கள் இறங்கி ஒவ்வொரு மீனாகக் கொல்கிறார்கள். நல்ல பகுதிகளில் ஒரு பங்கு ஜப்பானுக்குப் போகிறது. மத்தியதரைக் கடலில் பெரிய சுற்றுவலைக் கப்பல்கள் கூட்டம் கூட்டமாக அள்ளிக் கூண்டில் கொழுக்கவைத்து விற்றதில் இந்த இனமே சரிந்தபோது, மீனின் வரவுக்காகக் காத்து நிற்கும் இந்தக் கரைக்காரர்களும் சேர்ந்து அடிபட்டார்கள். கடுமையான ஒதுக்கீடுகளுக்குப் பிறகு எண்ணிக்கை மீண்டது; 2021இல் அருகிவரும் இனங்களின் பட்டியலிலிருந்து அது விடுபட்டது. ஒதுக்கீடு மட்டும் தொடர்கிறது. அந்த அளவு நிரம்பிவிட்டால், நீரிணையில் சூரை இன்னும் போய்க்கொண்டிருந்தாலும் பிடிப்பை நிறுத்தியாக வேண்டும்.