வாத்தியார் பரம்பரை

சென்ற மாசி மாதம் பழனி அடிவாரத்தில் ஒரு விடுதியில் தங்கியிருந்தேன். நான் கதை எழுதுகிறவன் என்று யாரோ சொல்லி வைத்திருக்க வேண்டும். காலையில் காப்பி கொண்டுவந்த பையன் டம்ளரை வைத்துவிட்டுப் போகாமல் நின்றான்.

"ஐயா, டைரக்டர் ஆகணும்னா எங்கே படிக்கணும்?"

புனாவில் பழைய பிரபாத் ஸ்டூடியோ இருந்த இடத்தில் 1960-ல் மத்திய சர்க்கார் ஆரம்பித்த திரைப்படக் கல்லூரியைச் சொன்னேன். சென்னை தரமணியில் உள்ள மாநில அரசுக் கல்லூரியையும் சொன்னேன். பையன் தலையாட்டிவிட்டுப் போனான். அவன் போன பிறகுதான் எனக்கே சிரிப்பு வந்தது. பழனியில் உட்கார்ந்துகொண்டு புனாவுக்கு வழி சொல்லியிருக்கிறேன்! இந்த ஊரின் பெயரைத் தம் நாடகக் குழுவுக்கே வைத்துக்கொண்ட ஒரு மனிதர், எந்தக் கல்லூரி வாசலையும் மிதிக்காமல் பெரிய டைரக்டர் ஆகவில்லையா?

ஏ. பி. நாகராஜனைச் சொல்கிறேன். அவர் படித்த பள்ளிக்கூடத்தின் கதை சங்கரதாஸ் சுவாமிகளிடம் ஆரம்பிக்கிறது. சுவாமிகள் முதலில் நடிகர். சனீசுவரன் வேஷத்தில் அவரைக் கண்டு மிரண்ட ஒரு கர்ப்பிணிக்குக் கரு கலைந்துபோயிற்றாம். அன்றோடு வேஷம் கட்டுவதை விட்டு வாத்தியாரானார் என்று சொல்வார்கள். 1918-ல் மதுரையில் சிறுவர்களைச் சேர்த்துத் 'தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா'வை அமைத்தார். நாடகம் எழுதி, பாட்டுக் கட்டி, யார் எங்கே நிற்பது, எப்படிப் பேசுவது என்று சொல்லிக் கொடுத்தவர் அவரே. இன்று நாம் டைரக்ஷன் என்கிறோம். அன்று அதற்கு 'வாத்தியார் வேலை' என்று பெயர்.

அங்கே சேர்ந்த ஆறு வயதுப் பையன் டி. கே. சண்முகம். 1925-ல் சகோதரர்களுடன் சொந்த சபா கண்டு, பின்னால் ஒளவையாராக வேஷமிட்டு 'ஒளவை' சண்முகம் ஆனவர். அந்த டி. கே. எஸ். சகோதரர்களின் கம்பெனிக்குப் பையனாக வந்து, பெண் வேஷம் கட்டி வளர்ந்தவர்தான் சங்ககிரிப் பக்கத்து நாகராஜன். சுவாமிகள், சண்முகம், நாகராஜன் என்று மூன்று தலைமுறை வாத்தியார் பரம்பரை இது!

பாய்ஸ் கம்பெனியில் டைரக்ஷன் என்று தனியாக ஒரு பாடம் கிடையாது. விடிந்ததும் பாட்டு, பிறகு வசன ஒத்திகை, இரவில் நாடகம். இன்று தோழியாக நிற்பவன் நாளை ராணி. அடுத்த ஊரில் ராஜபார்ட். பக்கத்துப் பையனின் பாடமும் நெட்டுருவாகிவிடும். மேடையில் நிற்க முடிந்த ஒவ்வோர் இடத்திலும் நின்று பார்த்தவனுக்கு, யாரை எங்கே நிறுத்துவது என்று இன்னொருவர் சொல்லித் தர வேண்டியதில்லை.

நாகராஜன் பிறகு 'பழனி கதிரவன் நாடக சபா' என்று சொந்தமாகக் குழு அமைத்தார். அவர் எழுதிய 'நால்வர்' 1953-ல் படமாயிற்று, கதாநாயகனும் அவரே. ஆயினும் டைரக்டர் நாற்காலி கிடைத்தது 1962-ல், 'வடிவுக்கு வளைகாப்பு' படத்தில்தான். இடையில் ஒன்பது வருஷம்! மூன்று வருஷம் கழித்து வந்த 'திருவிளையாடல்' ஞானப்பழத்துக்காகக் கோபித்த முருகன் பழனிக்கு வந்த கதையோடு ஆரம்பிக்கிறது. அதில் ஒளவையாராக வந்த கே. பி. சுந்தராம்பாளும் நாடக மேடையில் வளர்ந்தவர்தாம். 1973-ல் எடுத்த 'ராஜராஜ சோழன்' அவருடைய பழைய கம்பெனி மேடையேற்றிய நாடகம். கடைசிவரை அவர் அந்தப் பள்ளியை விட்டு வரவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆகா, என்ன அருமையான காலம் என்று நீங்கள் பெருமூச்சு விடுவதற்குள் என் தாய்மாமன் கதையையும் கேட்டுவிடுங்கள். அவரும் ஒரு பாய்ஸ் கம்பெனிக்கு ஓடிப்போனவர்தான். ஸ்திரீபார்ட்டில் நல்ல பெயர். பதினாலு வயதில் மகரக்கட்டு வந்து குரல் உடைந்தது. கம்பெனிக்காரர்கள் ஊருக்கு ரயில் ஏற்றிவிட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாது. வேறு தொழிலும் தெரியாது. சாகும்வரை மளிகைக் கடையில் பொட்டலம் மடித்தார். கடையில் ஆள் இல்லாத மத்தியானங்களில் ஒரு நாடகத்தின் எல்லாப் பாத்திரங்களையும் தாமே பேசுவார். ஒரு நாகராஜன் உருவாக எத்தனை மாமன்கள் பொட்டலம் மடித்தார்கள் என்பதை எந்தச் சரித்திரமும் கணக்கெடுக்கவில்லை.

அதனால்தான் கல்லூரிகளை நான் இளப்பமாகப் பேசமாட்டேன். நாகராஜன் மறைந்த அதே 1977-ல், பழனியிலிருந்து திண்டுக்கல்லைத் தாண்டிப் போனால் வரும் காந்திகிராமத்தில், தில்லி தேசிய நாடகப் பள்ளியின் உதவியுடன் ஒரு நாடகப் பட்டறை நடந்தது. அந்தப் பள்ளியில் படித்த சே. இராமானுஜம் அதில் முன்னின்றார். கலந்துகொண்ட மு. இராமசுவாமி பின்னர் மதுரையில் நிஜ நாடக இயக்கத்தைத் தொடங்கினார். சுவாமிகள் 1922-ல் காலமான புதுச்சேரியில், பல்கலைக்கழக நாடகப் பள்ளிக்கு இன்று அவர் பெயரே வைத்திருக்கிறது. அங்கே குரல் உடைந்ததற்காக யாரையும் ரயில் ஏற்றுவதில்லை.

மறுநாள் பையனிடம் சொன்னேன்: "கல்லூரிக்கு மனுப் போடு, தம்பி. அதற்கு முன்னால் திருவிழா நாடகம் எங்கே நடந்தாலும் போய்த் திரை இழு. யாராவது வராவிட்டால் அந்த வேஷத்தைக் கட்டு."

அவன் சற்று யோசித்தான்.

"சம்பளம் தருவாங்களாய்யா?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனால், கேட்க வேண்டிய கேள்விதான். என் மாமன் அதைக் கேட்கவில்லை.