கயத்தாறு புளியமரமும் போல் துரை சுருட்டும்

புளியமரம், தூக்கு, பாதியில போன ஆயுசு. ஒரு பேய்க்கதைக்கு இதுக்கு மேல என்னங்க வேணும்? கயத்தாறுல மூணும் இருந்துச்சு.

1799 அக்டோபர் 16. மேஜர் பானர்மேன் மத்த பாளையக்காரங்களைக் கூட்டி வச்சு, விசாரணைன்னு ஒண்ணு நடத்தி, அன்னிக்கே கட்டபொம்மனைப் புளியமரத்துல தூக்குல போட்டான். ஊர் வழக்கப்படி அதுக்கப்புறம் அந்தப் பக்கம் ராத்திரியில ஒருத்தரும் நடமாடக் கூடாது. ஆனா சனங்க ஒதுங்கிப் போகலை. போறவங்க வர்றவங்க ஆளுக்கொரு கல்லைப் போட்டுட்டுப் போக, அது பெரிய குவியலா வளந்துடுச்சு. வெள்ளைக்காரங்களே இதை எழுதி வச்சிருக்காங்க. நடிகர் திலகம் சிவாஜி கணேசன் இடம் வாங்கி அங்கே சிலை வச்சது 1970ல. அதுக்கு ரொம்ப முன்னாடியே சனங்க வச்ச சின்னம் அது.

சரி, நம்மாளுக்குத்தான் இந்த மரியாதைன்னு நினைச்சுடாதீங்க. 1809ல திருவிதாங்கூர் சண்டையில காயப்பட்டுச் செத்த கேப்டன் போல்ங்கிற வெள்ளைக்காரனைப் பாளையங்கோட்டைக்குத் தென்கிழக்கே தேரி மணல்ல புதைச்சாங்க. அந்தப் பக்கத்து ஆளுங்க அவனுக்கும் படையல் போட்டிருக்காங்க. என்ன படையல் தெரியுமா? சாராயமும் சுருட்டும்! கால்டுவெல் 1849ல எழுதியிருக்கார். துரைக்கு என்ன பிடிக்கும்னு யோசிச்சு வச்சிருக்காங்க பாருங்க :-)

தெக்கத்திக்காரங்களுக்குப் பேய்ங்கிறது பயம் மட்டும் இல்லை. அகாலமா செத்தவங்களுக்கு இன்னும் ஏதோ பாக்கி இருக்குன்னு அர்த்தம். அந்தப் பாக்கிக்குத்தான் கல்லு, பீடம், படையல் எல்லாம்.

கயத்தாறுல இருந்து வடக்கே கோவில்பட்டி தாண்டினா எங்க சாத்தூர்ப் பக்கம். அங்கே அச்சங்குளத்துல 2021 பிப்ரவரி 12, வெள்ளிக்கிழமை, பட்டாசு ஆலை வெடிச்சு 20 பேருக்கு மேல செத்தாங்க. எங்க ஏரியாவுல வெடிச்ச ஆலைப் பக்கம் உச்சி நேரத்துல தனியா போகாதேன்னுதான் பிள்ளைங்களுக்குச் சொல்லுவாங்க. ஒரு கல்லு போட்டுட்டு வான்னு யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

பெரியம்மாகிட்ட சும்மா கேட்டேன்: "பேயா அலையுறாகன்னா, எதைத் தேடி பெரியம்மா அலையுறாக?"

கையில இருந்த திரிக்கட்டைக் கீழ வைக்காமலே சொன்னாங்க: "சனிக்கிழமை கூலி வாங்காமப் போனவகடா."