கல்யாண வீடும் கட்சி மேடையும்: நாகூர் ஹனிபா எழுந்த கதை

வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த நண்பன் கொண்டுவந்த கேசட்டில்தான் யூ-2 என்ற அயர்லாந்து ராக் குழுவை நான் முதன்முதலில் கேட்டது. 1976இல் டப்ளின் நகரத்துப் பள்ளி மாணவர்கள் சிலர் கூடித் தொடங்கிய குழு அது. 1972இல் டெர்ரியில் ஊர்வலம் போனவர்களை பிரிட்டிஷ் ராணுவம் சுட்டுக் கொன்றதை ஒட்டி 1983இல் ஒரு பாட்டு வெளியிட்டார்கள். அதைப் பாடுமுன், இது கலகப் பாட்டல்ல என்று பாடகர் மேடையில் அறிவிக்க வேண்டியிருந்தது. இதைப் பின்னால் படித்தபோது எனக்கு எங்கள் டெல்டாக் குரல் ஒன்று ஞாபகம் வந்தது. நாகூர் ஈ.எம். ஹனிபா இப்படி முன்னறிவிப்புக் கொடுத்து நான் கேட்டதில்லை.

முத்துப்பேட்டையில் அவரைக் கேட்காமல் யாரும் வளர்ந்திருக்க முடியாது. பாய்மார் வீட்டுக் கல்யாணத்தில் விடியற்காலையே குழாய் ஒலிபெருக்கியில் தொடங்கிவிடுவார். அதே தெருமுனையில் திமுக கூட்டம் என்றால் அங்கேயும் அவர்தான். "ஹனிபா வர்றாருன்னா கூட்டம் சேக்க வேணாம்டா, தானா வரும்" என்பார் கட்சிக்காரரான என் அப்பா.

1925இல் பிறந்த ஹனிபா சினிமா வழியாக மேலே வந்தவரல்ல என்பதுதான் கவனிக்க வேண்டியது. 'பாவ மன்னிப்பு' (1961) போன்ற படங்களில் பாடியிருக்கிறார், உண்மைதான். ஆனால் அதற்கு வெகுமுன்பே அவர் பெயர் ஊர் ஊராகப் பரவிவிட்டது. நாகூரில் பைத்துப் பாடும் சபையிலும் கல்யாண ஊர்வலங்களிலும் சிறுவனாகப் பாடித் திரட்டிய குரல் அது. மைக் கெட்டுப்போனாலும் கடைசி வரிசைக்குக் கேட்கும் என்று இன்றும் சொல்வார்கள். இளவயதிலேயே சுயமரியாதை இயக்கத்துக்கு வந்தார். பாரதிதாசன் பாடல்களை மேடையேற்றினார். திருவாரூரில் படித்த கருணாநிதி அவருக்கு இளமைக் காலத் தோழர்.

கிராமபோன் கம்பெனி ஒன்று கட்சிப் பாட்டைப் பதிவுசெய்யத் தயங்கியதாகவும், "அப்படின்னா இஸ்லாமியப் பாட்டும் கிடையாது" என்று இவர் எழுந்துவிட்டதாகவும் ரசிகர்கள் ஒரு கதை சொல்வார்கள். அந்தக் கதை அப்படியே நடந்ததா என்பதைவிட, அதற்குள் இருக்கும் பொருளாதாரம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கல்யாண வீட்டுச் சந்தைதான் கட்சிப் பாட்டின் முதுகெலும்பு. பக்திப் பாட்டு விற்கும் என்ற பலத்தில்தான் அரசியல் பாட்டுக்கு இடம் கேட்க முடிந்தது. திராவிட இயக்க வரலாறு எழுதுகிறவர்கள் அச்சுப் பிரதிகளையும் அடுக்குமொழிப் பேச்சையும் பார்க்கிறார்கள். நிக்காஹ் வீட்டுப் பந்தலைப் பார்ப்பதில்லை. (அந்தக் காலத்துக் கல்யாணக் கச்சேரிகளில் இந்திப் படமெட்டுகள் தாராளமாகப் புழங்கின. இந்தி எதிர்ப்பும் அதே ஊர்களில்தான் நடந்தது. யாருக்கும் இதில் முரண் தெரிந்ததாகத் தெரியவில்லை.)

கட்சி அவருக்கு என்ன கொடுத்தது? 1957இல் நாகப்பட்டினத்தில் நின்று தோற்றார். 2002 வாணியம்பாடி இடைத்தேர்தலிலும் தோற்றார். மேலவை உறுப்பினராக்கினார்கள், வக்பு வாரியத் தலைவராக்கினார்கள். குரலுக்குக் கூடிய கூட்டம் ஓட்டாக மாறவில்லை. சிறுபான்மை உடல் மேடைக்கு வேண்டும், சட்டமன்றத்துக்கு வேறு ஆள் என்ற கணக்கை இதில் நான் வாசிக்கிறேன். தோழர்கள் மறுக்கலாம்.

1990களுக்குப் பிறகு எங்கள் ஊரில் சத்தமே ஒரு வழக்காகிப்போனது. விநாயகர் ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போவது, எங்கே மேளத்தை நிறுத்துவது என்பதற்கு ஆண்டுதோறும் போலீஸ் குவிகிறது. இன்னொரு பக்கம், தர்காவும் இசையும் மார்க்கத்துக்கு ஆகாது என்று சொல்லும் சீர்திருத்தக் குரல்கள் பாய்மார் தெருவுக்குள்ளேயே வலுத்தன. எனக்குத் தெரிந்த சில கல்யாண வீடுகளில் பாட்டு நின்றது. இரண்டு தரப்பும் ஒருவரையொருவர் எதிர்த்தாலும் ஹனிபா நின்ற இடம் இரண்டுக்கும் நடுவில் நசுங்கியது. ஜாம்புவானோடை தர்கா கந்தூரியில் இன்னும் கேட்கலாம். கட்சி வேன்களில் கேட்கலாம், ஆனால் அங்கே கட்சிப் பாட்டு மட்டும்.

2015 ஏப்ரலில் அவர் இறந்தார். 2022 உள்ளாட்சித் தேர்தலின்போது பஜாரில் வேன் ஒன்று உதயசூரியன் பாட்டை அலறவிட்டுக்கொண்டு போனது. டீக்கடையில் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்த பையன் நிமிர்ந்து பார்த்தான்.

"யாருண்ணே இது? செம குரலு."

பெயரைச் சொன்னேன்.

"பாயாண்ணே?" என்றான், நம்பாமல்.