விளக்கப்படாத எலெக்ட்ரான் அடர்த்தி

புரதப் படிகம் எக்ஸ்-கதிரைச் சிதறடிக்கும் பாங்கிலிருந்து கணக்கிடப்படும் வரைபடத்தில், அறிந்த அணு எதனோடும் பொருந்தாமல் எஞ்சி நிற்கும் அடர்த்தித் திட்டு. அது நீராகவோ, உலோக அயனியாகவோ, புரதம் உயிரணுவிலிருந்தே பற்றிவந்த மூலக்கூறாகவோ இருக்கலாம். வெறும் இரைச்சலாகவும் இருக்கலாம். வடிவத்தைப் பார்த்த மாத்திரத்தில் அதற்குப் பெயர் சூட்டக் கூடாது என்பதற்கான காரணம் சென்னையில் தெளிவாயிற்று. சோதனையில் பதிவாவது சிதறிய கதிர்களின் வலிமை மட்டுமே, கட்டம் (அலைகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு முன்பின்னாக வருகின்றன என்பது) பதிவாவதில்லை. 1961இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி. என். ராமச்சந்திரனும் ஆர். சீனிவாசனும் ஒரு படிக அமைப்பின் வீச்சுகளோடு வேறோர் அமைப்பின் கட்டங்களைச் சேர்த்து வரைபடம் கணக்கிட்டனர். அதில் தெரிந்தது கட்டங்களைத் தந்த அமைப்பே. புரத ஆய்வில் இறுதி வரைபடத்தின் கட்டங்கள் பெரும்பாலும் ஆய்வாளர் கட்டிய மாதிரியிலிருந்தே வருகின்றன. ஆகவே மாதிரியில் தவறாக வைத்த அணு, வரைபடத்தில் தனக்குத் தானே சாட்சி சொல்லும்.

இதற்கு மாற்றும் அதே ஆய்வு மரபிலிருந்து கிடைத்தது. குறைபாடுள்ள மாதிரி உண்மை அமைப்போடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று மதிப்பிடும் சிக்மா-ஏ என்னும் புள்ளியியல் அளவை 1960களின் நடுவில் சீனிவாசன் வகுத்தார். 1986இல் படிகவியலாளர் ராண்டி ரீட் அதைக் கொண்டு மாதிரியின் சாயல் குறைந்த வரைபடங்களுக்கு வழிசெய்தார். ஐயத்துக்குரிய அணுக்களை நீக்கிவிட்டு மீண்டும் கணக்கிட்டு, அங்கே அடர்த்தி திரும்ப எழுகிறதா என்று பார்ப்பதும் இன்று வழக்கம்.

நுண்மையான தரவு கிடைக்கும் இக்காலத்தில் இந்த எச்சரிக்கை மிகை எனலாம். நைட்ரஜனேஸ் நொதியின் வரலாறு அதை ஏற்கவில்லை. 1992இல் வெளியான அமைப்பில் அதன் இரும்பு-மாலிப்டினக் கொத்தின் நடுவிடம் வெற்றிடமாகவே தோன்றியது. சுற்றியுள்ள கன அணுக்களின் கணக்கீட்டு அலைகள் அங்கிருந்த அடர்த்தியை அழித்திருந்தன. 2002இல் 1.16 ஆங்ஸ்ட்ராம் தரவு ஓர் இலேசான அணுவைக் காட்டியது. ஆனால் அது கார்பனா, நைட்ரஜனா, ஆக்சிஜனா என்று தீர்க்கவில்லை. கார்பன் என்று 2011இல் உறுதியானபோது நிறமாலைச் சான்றும் துணைக்கு வேண்டியிருந்தது. நுண்மை கூடியதால் அணு இருப்பது தெரிந்தது. அது எது என்பதற்கு வேறுவகைச் சான்று தேவைப்பட்டது.

தயக்கம் கண்டுபிடிப்பைத் தடுக்கும் என்பது இன்னொரு மறுப்பு. 1987இல் எச்எல்ஏ-ஏ2 என்னும் நோயெதிர்ப்புப் புரதத்தின் பள்ளத்தில் அடையாளம் தெரியாத அடர்த்தி தென்பட்டது. பமீலா பியோர்க்மனும் உடன் ஆய்வாளர்களும் அதை அணு அணுவாகக் கட்டாமல், பெப்டைடுகளின் கலவையாகலாம் என்று மட்டும் கூறினர். நோயெதிர்ப்புச் சோதனைகள் அக்கருத்துக்கு ஏற்கெனவே இடம் தந்திருந்தன. 1990களின் தொடக்கத்தில் பெப்டைடுகளைப் பிரித்தெடுத்து அவற்றின் வரிசையை அறிந்தபோது அது உறுதிப்பட்டது. சான்று தாங்கும் அளவுக்கு மட்டுமே சொன்னதால் அந்தக் கண்டுபிடிப்பு சிறுத்துவிடவில்லை. புரதத் தரவு வங்கி அறியாத மூலக்கூறுக்கென்று யூஎன்எல் என்ற தனிக் குறியீடு வைத்திருப்பதும் இம்முறைக்கு இசைந்ததே: திட்டு பதிவாகும், பெயர் சான்றுக்காகக் காத்திருக்கும்.