மரத்துக்கு லீவு, மனுசனுக்கும் லீவு

மந்த காலத்தைப் பற்றி என் பாட்டி ஒரே ஒரு வாக்கியம்தான் சொல்வார். "வெள்ளக்காரன் மொதல்ல மரத்துக்கு லீவு விட்டான், அப்புறம் மனுசனுக்கு லீவு விட்டான்." அவர் 1924இல் சிலாங்கூரில் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவர். மரத்துக்கு யாராச்சும் லீவு விடுவாங்களா பாட்டி என்று நாங்கள் சிரிப்போம். அவர் சிரிக்கமாட்டார்.

ரப்பர் வரலாற்றைத் தேடி வாசிக்கத் தொடங்கிய பிறகுதான் அது கிழவியின் கற்பனை இல்லை என்று தெரிந்தது. 1930 மே மாதம் மலாயாவிலும் டச்சுக்காரர்களின் கிழக்கிந்தியத் தீவுகளிலும் தோட்ட முதலாளிகள் பேசிவைத்துக்கொண்டு பால்வெட்டை நிறுத்தினார்கள். சரக்கு குறைந்தால் விலை ஏறும் என்ற நம்பிக்கை. ஆங்கிலத்தில் அதற்குப் பெயரே 'டேப்பிங் ஹாலிடே'. விலை ஏறவில்லை.

நமக்குப் பள்ளியில் சொன்ன காரணம் ஒரு வரிதான்: 1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது, ரப்பர் விலையும் சரிந்தது. அது பாதி உண்மை. உலக ரப்பரில் பெரும்பகுதியை வாங்கியது அமெரிக்கா. 1929இல் அங்கே 50 லட்சத்துக்கும் மேல் வாகனங்கள் உற்பத்தியாயின. 1932இல் அது 14 லட்சத்துக்கும் கீழே போனது. டயர் வாங்க ஆள் இல்லை.

மீதிப் பாதி லண்டனில் தொடங்குகிறது. முதல் உலகப் போருக்குப் பிறகு ஏற்பட்ட விலைச் சரிவைத் தடுக்க, 1922இல் பிரிட்டன் ஸ்டீவன்சன் திட்டத்தைக் கொண்டுவந்தது. மலாயாவும் சிலோனும் எவ்வளவு ரப்பர் ஏற்றுமதி செய்யலாம் என்பதற்குக் கட்டுப்பாடு. டச்சுக்காரர்கள் அதில் சேரவில்லை. 1925இல் லண்டனில் ஒரு ராத்தல் ரப்பர் நாலு ஷில்லிங்கைத் தாண்டியது. அமெரிக்காவில் கோபம். ஃபயர்ஸ்டோன் லைபீரியாவுக்கும், ஃபோர்டு பிரேசிலுக்கும் மரம் நடப் போனார்கள். உண்மையில் விலையை உடைத்தவர்கள் அவர்கள் அல்ல. சுமத்ராவிலும் போர்னியோவிலும் நல்ல விலையைப் பார்த்துத் தங்கள் கொல்லைகளில் கன்று நட்ட சாதாரண விவசாயிகள். ரப்பர் கன்று பால் கொடுக்க ஆறேழு வருஷம் ஆகும். 1925இல் நட்டது 1931, 32இல் கத்திக்கு வரும். பிரிட்டன் தானே ஏற்றிவிட்ட விலை, உலகம் வாங்கத் திணறிக்கொண்டிருந்த நேரத்தில் திரும்பி வந்து அதன் தலையிலேயே விழுந்தது. 1928இல் திட்டத்தைக் கைவிட்டார்கள். 1932 நடுவில் ஒரு ராத்தல் இரண்டு பென்சுக்கும் கீழே. நாலு ஷில்லிங் என்பது நாற்பத்தெட்டு பென்ஸ். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

சரி, விலை விழுந்தது. நட்டத்தை யார் சுமப்பது? அரசியல் என்பது இந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது.

கோலாலம்பூர் வட்டாரத்துக்கு நாள் கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று 1920களின் கடைசியில்தான் நிர்ணயித்திருந்தார்கள். இந்திய அரசின் ஏஜெண்ட் கோலாலம்பூரில் உட்கார்ந்து வாதாடி வாங்கியதும் அதில் உண்டு. 1930இல் அது 40, 32 ஆனது. அடுத்த இரண்டு வருஷத்தில் பல இடங்களில் ஆண் கூலியே 30 காசுக்குக் கீழே வந்தது. இதற்குச் சம்மதமில்லையா, கப்பல் இலவசம், ஊருக்குப் போகலாம் என்றார்கள். ஆட்குறைப்பில் விழுந்தவர்களுக்கோ அந்தத் தேர்வும் இல்லை.

கப்பல் செலவு எங்கிருந்து வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். 1907இல் தொடங்கப்பட்ட குடியேற்ற நிதி ஒன்று இருந்தது. முதலாளிகள் தலைக்கு இவ்வளவு என்று கட்டுவார்கள். கங்காணி நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் சேர்த்த ஆட்களைக் கொண்டுவர அது செலவாகும். ஆளை இறக்குமதி செய்த அதே நிதி இப்போது ஏற்றுமதிக்கும் பயன்பட்டது. 1930 ஆகஸ்டில் ஆள் எடுப்பதை நிறுத்தினார்கள். 1932 முடிவதற்குள் ஒன்றே முக்கால் லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். 1931 குடிமதிப்பில் மலாயா முழுக்க இந்தியர்கள் ஆறு லட்சத்துச் சொச்சம்தான்.

அதனால்தான் மலாயாவின் மந்தத்தைப் பற்றிய பழைய நூல்களை வாசிக்கும்போது எனக்கு எரிச்சல் வருகிறது. நெருக்கடியை அரசு 'திறமையாகச் சமாளித்தது' என்கிற தொனி. நிவாரணச் சோறு வாங்க நீண்ட வரிசை இல்லை, உதவித்தொகை என்று கஜானாவுக்குப் பெரிய சுமை இல்லை. எப்படி இருக்கும்? வேலையற்றவன் பினாங்கில் கப்பல் ஏறிய நிமிஷமே மலாயாவின் கணக்கிலிருந்து போய்விட்டான். பசி மட்டும் அவனோடு தஞ்சாவூர்ப் பக்கம் போய் இறங்கியது. அங்கேயும் அதே மந்தம்தான். நெல் விலை விழுந்து, மிராசுதாரே கடனில் கிடந்தார். அறுவடைக்கு யாருக்கு ஆள் வேண்டும்?

இருபது வருஷம் ஒரே தோட்டத்தில் பால் வெட்டியவனும், அங்கேயே பிறந்த குழந்தையும் 'தற்காலிகத் தொழிலாளர்' ஆனது இந்தக் காலத்தில்தான் என்று நினைக்கிறேன். சட்டத்தில் அந்த எண்ணம் முன்பே உண்டு. ஆனால் அது எவ்வளவு வசதியானது என்று முதலாளிகளுக்குப் புரிந்தது இப்போதுதான். 1998 நெருக்கடியில் இந்தோனேசியத் தொழிலாளர்களைக் கூட்டம் கூட்டமாக அனுப்பியபோது, "அவங்க ஊருக்குத்தானே போறாங்க" என்று நம் வீடுகளிலேயே சொன்னார்கள். எங்கள் வீட்டிலும்தான். பாட்டி மட்டும் அன்று டிவியை அணைக்கச் சொன்னார்.

அவருடைய அக்காவும் அத்தானும் 1931இல் அனுப்பப்பட்டவர்கள். அக்காவுக்குப் பதினாறு வயது, கையில் குழந்தை. மன்னார்குடிப் பக்கம் அத்தானின் ஊர். அக்கா அதைப் பார்த்ததே கிடையாது. 1933இல் யாரோ எழுதிக் கொடுத்த கடிதம் ஒன்று வந்ததாம். நலம் விசாரிப்பு இரண்டு வரி, பிறகு ஒரே கேள்வி: அங்கே திரும்ப ஆள் எடுக்கிறார்களா? அப்போது எடுக்கவில்லை. 1934இல் பிரிட்டனும் டச்சும் மறுபடி ஒப்பந்தம் போட்டு உற்பத்தியைக் கட்டுப்படுத்தின. கோட்டா பிரித்ததில் பெரிய தோட்டங்களுக்குச் சாதகம், சிறுதோட்டக்காரர்களுக்கு நட்டம். அது தனிக் கதை. விலை ஏறியது, ஆள் எடுப்பும் தொடங்கியது. கொள்ளுத்தாத்தா கிராணியிடம் கெஞ்சிப் பதில் எழுதிப் போட்டார், ஒரு தடவை இல்லை, மூன்று தடவை.

ஒன்றுக்கும் பதில் வரவில்லை.