ஆலைக்கு யார் காசு போட்டது?

தொழிற்புரட்சின்னா நமக்குப் பள்ளிக்கூடத்துல சொல்லிக் கொடுத்தது நீராவி எஞ்சினும் நூற்பு இயந்திரமும்தான். அதுக்கெல்லாம் காசு எங்கிருந்து வந்துச்சு? ரெண்டு கதை சொல்றேன்.

முதல்ல இங்கிலாந்து. சவரத் தொழில் பார்த்த ரிச்சர்ட் ஆர்க்ரைட் 1769-ல் நூற்பு இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். நாட்டிங்ஹாமில் ரைட் குடும்பத்தோட பேங்க் கொஞ்சம் பணம் கொடுத்தது. லாபம் சீக்கிரம் வராதுன்னு தெரிஞ்சதும், நீட், ஸ்ட்ரட் என்ற ரெண்டு காலுறை வியாபாரிகளிடம் அவரை அனுப்பி வெச்சுட்டாங்க. 1771-ல் குரோம்ஃபோர்டில் ஆலை எழுந்தது அந்தக் கூட்டாளிகளின் காசில்தான்.

பேங்க்காரரைக் குறை சொல்ல முடியாதுங்க. டெபாசிட் போட்டவர் நாளைக்கே திருப்பிக் கேட்கலாம். இயந்திரத்தில் போட்ட காசு திரும்ப வருஷக்கணக்கா ஆகும். அதனால சரக்கு வாங்க, விற்க சில மாசக் கடன் கொடுக்கறதோட பெரும்பாலும் நிறுத்திக்கிட்டாங்க. அன்னைக்கு ஒரு நூற்பாலைக்குத் தேவைப்பட்ட முதலீடும் கம்மி. வண்டி ஓடிடுச்சு.

அடுத்து ஜெர்மனி, நூறு வருஷம் கழிச்சு. இப்போ எஃகு, மின்சாரம், ரசாயனம். கூட்டாளி காசெல்லாம் எந்த மூலைக்கு? மானஸ்மன் சகோதரர்கள் கண்டுபிடிச்ச இணைப்பில்லாத எஃகுக் குழாயை நம்பி, 1870-ல் தொடங்கின டாய்ச்ச பேங்க் உதவியோட 1890-ல் பெரிய கம்பெனி ஆரம்பிச்சாங்க. தொழில்நுட்பம் படுத்தி எடுத்தது, நஷ்டம். 1893-ல் சகோதரர்களே நிர்வாகத்தை விட்டுப் போயிட்டாங்க. பேங்க் போகலை! அதோட இயக்குநர் மாக்ஸ் ஷ்டைந்தால் மேற்பார்வைக் குழுவில் உட்கார்ந்து கம்பெனியைத் தூக்கி நிறுத்தினார். கடன் கொடு, பங்குகளைப் பொதுமக்களிடம் வித்துக் கொடு, உள்ளே உட்கார்ந்து கவனி. இதுதான் ஜெர்மன் பாணி.

பின்தங்கின நாடு வேகமா எழ இந்த மாதிரி பேங்க் வேணும்னு 1962-ல் வந்த தன் புத்தகத்தில் அலெக்சாண்டர் கெர்ஷென்கிரான் வாதாடினார். ஜெர்மனியிலும் சின்ன கம்பெனிகள் பெரும்பாலும் சொந்தக் காசிலும் உள்ளூர் சேமிப்பு வங்கிகளாலும்தான் வளர்ந்ததுன்னு பின்னாடி வந்தவங்க மறுத்தாங்க. ரெண்டிலும் உண்மை இருக்கு. ஆனா பெரிய எஃகு ஆலைக்குப் பொறுமையான காசு வேணும்கிறதை யாரும் மறுக்கலை.

நம்ம நாட்டிலும் அதுக்காகத்தான் 1948-ல் ஐஎஃப்சிஐ, 1955-ல் ஐசிஐசிஐ எல்லாம் வந்தது. 2002-ல் ஐசிஐசிஐ தன் வங்கியோடவே இணைஞ்சது, 2004-ல் ஐடிபிஐயும் வங்கியாச்சு. ரோடு, மின் நிலையம்னு நீண்டகாலக் கடன் பெரும்பாலும் டெபாசிட் வாங்குற வங்கிகள் தலையில் விழுந்தது. 2018-ல் வாராக்கடன் உச்சத்துக்குப் போச்சு. நாட்டிங்ஹாம்காரர் பயந்தது இதுக்குத்தான். பொறுமையான காசு வேணும், சரி. அது யாரோட காசுங்கறதையும் கேட்கணும் இல்லையா?